மீசையில் ஒட்டிய மண்

கூண்டுக்குள் உலகப் பட்டத்துக்கு மோதிய மலேசியத் தமிழர் அகிலன் தானியின் கதை, புத்தளக் கரைக்கு எதைச் சொல்கிறது?

உடப்புக் கரையில் கரைவலையின் மடி ஏறி, மீன் பங்கு பிரிந்து, வடத்தைச் சுருட்டி வைத்த பிறகும் கொஞ்சம் வெயில் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் ஈர மணலில் பொடியன்கள் கட்டிப்பிடித்துப் புரள்வார்கள். ஒருவன் மற்றவனின் இடுப்பில் கை கொடுத்துத் தூக்குவான். தூக்கப்பட்டவன் காலைப் பின்னிக் கவிழ்ப்பான். விழுந்தவன் எழுந்ததும் முதலில் முகத்து மணலைத் தட்டிவிடுவான். பிறகு, தான் விழவே இல்லை, கால் சறுக்கியதுதான் என்று சாதிப்பான்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தச் சாதிப்பைத்தான். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால், 'தோற்றேன்' என்று சொல்லத் தெரியாத இடத்தில் விளையாட்டு எந்த நொடியில் மெய்ச்சண்டையாக மாறும் என்று யாராலும் கணிக்க முடியாது. மணலில் தொடங்கிய வாய்ப்பேச்சு இரவில் சந்தியில் கைகலப்பாகி, ஆஸ்பத்திரியிலோ பொலிஸ் நிலையத்திலோ விடிந்த கதை வென்னப்புவ முதல் கல்பிட்டி வரை எந்தக் கரையில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும்.

இதே பொடியன்களின் கைத்தொலைபேசியில் இன்று கூண்டுச் சண்டை, அதாவது எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புக் கலை, ஓடுகிறது. கம்பிவலைக்குள் இரண்டு பேர் குத்துகிறார்கள், உதைக்கிறார்கள், கீழே தள்ளிக் கழுத்தைப் பூட்டுகிறார்கள். பார்க்கும் தாய்மாருக்கு நெஞ்சு பதறுகிறது. இது பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கூண்டுக்குள் நின்ற ஒரு தமிழ் இளைஞரின் வாழ்க்கையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், இந்தக் கலை முதலில் கற்பிப்பது அடிப்பதை அல்ல என்பது விளங்கும்.

செந்தூலில் ஒரு பருத்த பையன்

அகிலன் தானி பிறந்த ஆண்டு 1995. வளர்ந்த இடம் கோலாலம்பூரின் செந்தூல். அங்கே தமிழர் வந்து சேர்ந்ததற்கு இரயில் ஒரு பெரிய காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் எழுந்த இரயில்வே பட்டறை, தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போனவர்களுக்கு வேலை கொடுத்தது. அதைச் சுற்றிக் கோயில்களும் குடியிருப்புகளும் வளர்ந்தன. பின்னர் இரப்பர் தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் போனபோது, தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களும் தலைநகரின் ஓரங்களில் ஒதுங்கின. நிலமும் இல்லை, பழைய தோட்டத்து உறவுக் கட்டும் இல்லை. அந்த வெறுமையில் இளைஞர்களைக் குண்டர் கும்பல்கள் எளிதாக இழுத்துக்கொண்டன. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தபோது, அவற்றின் உறுப்பினரில் இந்திய வம்சாவளியினரே பெரும்பான்மை என்ற செய்தி அங்குள்ள தமிழ்ச் சமூகத்தை உலுக்கியது.

அந்த ஆண்டில் அகிலனுக்குப் பதினெட்டு வயது. அவருடைய கவலை வேறு. பதின்ம வயதில் அவர் உடல் 100 கிலோவை வெகுவாகத் தாண்டியிருந்தது. எடையைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் கோலாலம்பூரின் மொனார்க்கி எம்எம்ஏ பயிற்சிக்கூடத்தின் கதவைத் தட்டினார். உலகச் சம்பியன் ஆகும் கனவெல்லாம் அப்போது இல்லை.

பயிற்சிக்கூடத்து மெத்தையில் பருத்த உடலோடு நுழைபவருக்கு முதல் சில மாதங்கள் கொடுமையானவை. மூச்சு முட்டும். தன்னிலும் பாதி எடையுள்ளவர் முதுகில் ஏறிக் கழுத்தைப் பூட்டுவார். நாளுக்குப் பத்து முறை தோற்க வேண்டியிருக்கும். தோற்றதை எல்லோரும் பார்ப்பார்கள். அங்கே மீசையில் மண் ஒட்டாத கதை செல்லாது. அகிலன் அதைத் தாங்கினார். எடை இறங்கியது, பிடி இறுகியது. மலேசியாவில் 2013 அளவில் தொடங்கிய மலேசியன் இன்வேஷன் என்ற அமெச்சூர் தொடர் அவருக்கு ஏணியானது. ஊர்ப் பையன்கள் தொழில்முறைக்குப் போகுமுன் காப்புகளோடும் வைத்தியரின் கண்காணிப்போடும் மோதிப் பழக அது ஒரு மேடை. அங்கிருந்து சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட வன் சம்பியன்ஷிப் என்ற கூண்டுச் சண்டை அமைப்புக்குள் நுழைந்தார். 'அலிகேட்டர்' என்பது அவருக்குக் கிடைத்த கூண்டுப் பெயர். முதலை போலக் கவ்விக் கீழே இழுத்துவிட்டால் விடமாட்டார் என்று பொருள் கொள்ளலாம். தொழில்முறையில் தொடர்ந்து வென்றார். ஒரு தோல்விகூட இல்லை.

2017 மே 26

சிங்கப்பூர் உள்ளரங்கு. வெல்டர் எடைப்பிரிவு உலகப் பட்டத்துக்கான மோதல். அகிலனுக்கு அப்போது 21 வயது. எதிரே நின்றவர் அமெரிக்கர் பென் ஆஸ்க்ரன்.

ஆஸ்க்ரன் யார் என்று தெரிந்தால்தான் அந்த இரவின் கனம் விளங்கும். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் மிகப் பெரிய பட்டத்தை 2006, 2007 என்று இரு ஆண்டு அடுத்தடுத்து வென்றவர். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்காக மல்யுத்தம் செய்தவர். கலப்புச் சண்டைக்கு வந்த பிறகும் தோல்வியை அறியாதவர். அவர் குத்தி வீழ்த்துபவர் அல்ல. காலைப் பிடிப்பார், கீழே கொண்டுபோவார், அங்கிருந்து யாரையும் எழ விடமாட்டார். சிறுவயது முதல் மல்யுத்தத்தில் ஊறிய உடலுக்கு முன்னால் எடை குறைக்க வந்து சில ஆண்டுகள் பழகிய உடல் நின்றது.

மணி அடித்ததும் ஆஸ்க்ரன் தன் வழக்கப்படியே பிடித்தார், கீழே கொண்டுபோனார். அகிலனின் ஒரு கையையும் கழுத்தையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் முக்கோணமாகப் பூட்டினார். இந்தப் பூட்டில் ஒரு பக்கம் எதிராளியின் கையும் மறுபக்கம் பூட்டப்பட்டவரின் சொந்தத் தோளும் கழுத்தின் இரு பெரிய இரத்தக்குழாய்களை அழுத்தும். சில செக்கன்களில் கண் இருளும். முதல் சுற்றின் மூன்றாவது நிமிடம் முடியுமுன்னே எல்லாம் முடிந்தது. அகிலன் தட்டினார்.

தட்டுவது என்றால், பூட்டப்பட்டவர் எதிராளியின் உடலிலோ தரையிலோ கையால் ஓரிரு முறை தட்டுவது. 'போதும்' என்பது அதன் பொருள். தட்டிய கணத்தில் நடுவர் பாய்ந்து பிரித்துவிடுவார். அதற்கு மேல் ஒரு விரல் அழுத்தினாலும் குற்றம்.

ஒரு பார்வையில்: கூண்டின் விதிகள்

• சாதாரண மோதலுக்கு 5 நிமிடச் சுற்றுகள் 3. உலகப் பட்டத்துக்கு 5.
• வெல்லும் வழிகள்: எதிராளி நிலைகுலைந்தால் நடுவர் நிறுத்துவது, பூட்டில் எதிராளி தட்டுவது, நேரம் முடிந்தால் 3 நடுவர்களின் தீர்ப்பு.
• கண்ணைக் குத்துவது, கடிப்பது, விதைப்பையில் அடிப்பது, பிடரியில் அடிப்பது, சிறு விரலைத் தனியே முறிப்பது எல்லாம் குற்றம்.
• விரல்கள் வெளியே தெரியும் சிறு கையுறை, பற்காப்பு, விதைக்காப்பு கட்டாயம்.
• கூண்டருகே வைத்தியர் இருக்க வேண்டும். நடுவர் நிறுத்தினால் எதிர்ப்பேச்சு இல்லை.

கையால் சொல்லும் சொல்

இந்த விளையாட்டு உலகின் கண்ணில் பட்டது 1993 நவம்பர் 12 அன்று, அமெரிக்காவின் டென்வர் நகரில். எந்தக் கலை பெரியது என்று பார்க்க எட்டு வீரர்களை ஒரே இரவில் மோதவிட்டார்கள். குத்துச்சண்டைக்காரர், சுமோ வீரர், கராத்தேக்காரர் எல்லோரும் இருந்தார்கள். வென்றவரோ அவர்களில் பலரைவிட மெலிந்த பிரேசில்காரர் ரோய்ஸ் கிரேசி. மூன்று எதிராளிகளையும் அவர் பூட்டியே வென்றார். முதலில் எதிர்த்த குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன், ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டி வந்தவர். கீழே விழுந்து, மேலே கிரேசி ஏறிக்கொண்டதும், பூட்டு விழுமுன்பே தட்டிவிட்டார். நிற்கும்போது எத்தனை வலிமை இருந்தாலும், தரைக்கு வந்தபின் அதில் பாதிகூடக் கைகொடுக்காது என்பதை உலகம் அன்று கண்டது. தட்டுதல் என்ற சிறு சைகையையும் அன்றுதான் பலர் முதன்முதலாகக் கவனித்தார்கள்.

அந்தச் சைகையின் ஊர் ஜப்பான். ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவுக்காகக் கொடோகன் பள்ளியைத் தொடங்கியபோது, மாணவர் உடல் முறியாமல் முழுப் பலத்தோடு பயில வழி வேண்டியிருந்தது. தட்டினால் விட வேண்டும் என்ற வழக்கம் அதற்கு வழி செய்தது. அதனால்தான் ஜூடோ படிக்கும் பிள்ளை, முழு ஆவேசத்தோடு நூறு முறை மோதிவிட்டு, மாலையில் எலும்பு முறியாமல் வீடு திரும்ப முடிகிறது. பயின்றவர்களுக்குத் தெரியும்: தட்டத் தெரியாதவன் மெத்தையில் யாருக்கும் நல்ல துணையாக மாட்டான். அவன் தன் மூட்டையும் உடைத்துக்கொள்வான், அடுத்தவன் மூட்டையும் உடைப்பான்.

நம் மரபு மல்யுத்தத்திலும் முதுகு மண்ணைத் தொட்டால் தோல்வி. ஆனால் அங்கே தீர்ப்பைச் சொல்வது பார்க்கும் கூட்டம். ஆகவே விழுந்தவன் மீசையைத் தடவிக்கொண்டே மறுக்க முடியும். தட்டுவது அப்படியல்ல. தோல்வியைத் தோற்றவனே தன் கையால் அறிவிக்கிறான். அதனாலேயே அதில் ஒரு மரியாதை இருக்கிறது. வென்றவன் உடனே விடுகிறான். அதிலும் ஒரு மரியாதை இருக்கிறது.

எடைக்குள் ஒளிந்த ஆபத்து

தாய்மாரின் பயத்துக்கு மிகப் பெரிய காரணம் குத்து என்று நினைப்போம். குத்தால் மூளைக்கு வரும் கேடு உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஆசியக் கூண்டுச் சண்டையை அதிகம் உலுக்கிய மரணம் கூண்டுக்கு வெளியே நேர்ந்தது. 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த வன் சம்பியன்ஷிப் போட்டிக்கு வந்த சீன வீரர் யாங் ஜியான் பிங், எடையைக் குறைக்க உடலில் நீரை வற்ற வைத்ததில் உயிரிழந்தார். அவருக்கு வயது 21.

குறைந்த எடைப்பிரிவில் மோதினால் எதிராளி சிறியவராக இருப்பார் என்ற ஆசை, உப்பையும் தண்ணீரையும் நிறுத்தி, வேர்வைக் கூடாரத்தில் உட்கார்ந்து, ஓரிரு நாளில் பல கிலோ இறக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. அந்த மரணத்துக்குப் பிறகு வன் சம்பியன்ஷிப் விதியை மாற்றியது. வீரரின் எடையோடு சிறுநீரின் அடர்த்தியும் சோதிக்கப்படும். உடலில் நீர் குறைந்திருந்தால் மோத விடமாட்டார்கள். அதனால் எடைப்பிரிவுகளின் அளவும் மேலே போனது. அகிலன் ஆஸ்க்ரனோடு மோதிய வெல்டர் பிரிவின் உச்ச எடை ஏறத்தாழ 84 கிலோ. 100 கிலோவுக்கு மேலிருந்து ஆண்டுக்கணக்கில் உழைத்து எடையைக் குறைத்தவர் அவர். ஓரிரவில் நீரை வற்ற வைப்பதற்கும் பல ஆண்டு வியர்வையில் கொழுப்பைக் கரைப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு அவர் உடலே சாட்சி.

ஷங்காயில் ஒரு மறுமொழி

பட்ட மோதலில் தட்டிய இளைஞரை ரசிகர் கூட்டம் மறப்பது எளிது. அடுத்த ஈராண்டில் அகிலனுக்கு மேலும் தோல்விகள் சேர்ந்தன. வலி அதிகமாக இருந்திருக்கும். ஆனால் அவர் திரும்பத் திரும்ப மெத்தைக்குப் போனார்.

2019 ஜூன் 15 அன்று ஷங்காயில் அவருக்கு எதிரே வந்தவர் யோஷிஹிரோ அகியாமா. ஆசியச் சண்டை உலகின் பெரிய பெயர். ஜப்பானில் பிறந்த கொரிய வம்சாவளியினர். 2001 ஆசிய ஜூடோ சம்பியன்ஷிப்பில் தென்கொரியாவுக்காகத் தங்கம் வென்றவர், அடுத்த ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் ஜப்பானுக்காகத் தங்கம் வென்றவர். இரண்டு நாடுகளும் தம்முடையவர் என்றும் அந்நியர் என்றும் மாறி மாறிச் சொன்ன மனிதர். வயது 43. அவரை எதிர்த்த அகிலனுக்கு 23. வந்த இடத்தில் வேர் ஊன்றிய சமூகத்தின் பிள்ளைகள் இருவர் அந்தக் கூண்டில் நின்றார்கள்.

மூன்று சுற்றும் முழுதாக ஓடின. மூன்று நடுவர்களும் அகிலனுக்கே தீர்ப்பு எழுதினார்கள். ஜூடோவில் தங்கம் வென்ற கைகளுக்கு அகிலன் அன்று தட்டவில்லை.

அதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் பென் ஆஸ்க்ரன் கலப்புச் சண்டையில் தன் முதல் தோல்வியைக் கண்டார். ஹோர்ஹே மஸ்விடால் பாய்ந்து வந்து முழங்காலால் தாக்க, 5 செக்கனில் முடிந்தது அந்த மோதல். யூஎஃப்சி என்ற அமெரிக்கக் கூண்டுச் சண்டை அமைப்பின் வரலாற்றில் மிக வேகமான வீழ்த்தல் அது. ஆஸ்க்ரனும் தோற்கக்கூடிய மனிதர்தான். இந்தக் கலையில் தோற்காமல் முடிப்பவர் அரிது. தோற்ற பிறகு என்ன செய்கிறார் என்பதுதான் ஒரு வீரரின் வாழ்க்கை வரலாறு. அகிலனுக்கு அதற்குப் பின்னும் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன, உலகப் பட்டம் கைகூடவில்லை. ஆனால் செந்தூல் பிள்ளைகளுக்கு அவர் பெயர் ஒரு வழி. கும்பலும் வெறுமையும் மட்டுமே தெரிந்த தெருவில் மூன்றாவது கதவு ஒன்று இருப்பதை அந்தப் பெயர் சொல்கிறது.

நம் கரையில் என்ன இருக்கிறது?

உடல் இருக்கிறது. கரைவலை இழுப்பவரைப் பாருங்கள். வடத்தை இடுப்பில் வாங்கி, குதிகாலை மணலில் புதைத்து, அம்பாப் பாட்டின் அடிக்கு அடி பின்னோக்கி நடக்கிறார்கள். இடுப்பும் தொடையும் பிடிக்கும் கையும் ஒரே தாளத்தில் வேலை செய்கின்றன. மல்யுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் பயிற்றுவிக்கும் இழுவை இதுதான். அண்மை ஆண்டுகளில் சில கரைகளில் உழவு இயந்திரமும் வலையை இழுக்க வந்தது. அந்த உழைப்பு உடலை விட்டுப் போகுமுன் அதற்கு வேறொரு களம் தேவை.

ஒழுக்கமும் இருக்கிறது. உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் பதினெட்டு நாள் விரதம் காத்துத் தீமிதிக்க வரும் இளைஞருக்கு, உணவைக் கட்டுவதும் தூக்கத்தைக் கட்டுவதும் மனத்தைக் கட்டுவதும் புதிதல்ல. நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் பட்டினி இருந்து, பின்னேரத்தில் திடலில் உதைபந்தாட்டம் ஆடும் புத்தளம் பொடியன்களுக்கும் அது புதிதல்ல.

தேவையும் இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளின் தலைமுறை இன்று இங்கே வளர்ந்து நிற்கிறது. கரையோரத்து சிங்களக் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் தமிழ் மீனவர் குடும்பங்களிலும் பிள்ளைகள் தகப்பனைப் பருவத்துக்கு வேறு கரைக்கும், ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டு வளர்கிறார்கள். வேறு வேறு மொழி, வேறு வேறு கோயில். ஆனால் மெத்தையில் ஒருவர் கழுத்தை இன்னொருவரிடம் நம்பிக் கொடுக்கும் பயிற்சியைச் சேர்ந்து செய்தால், தட்டியதும் விடுவார் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே வளரும். இந்தக் கரைக்கு அதைவிடத் தேவையான பாடம் வேறெது?

இலங்கைக்குக் குத்துச்சண்டை மரபு உண்டு. 1938 சிட்னி பேரரசு விளையாட்டில் பார்னி ஹென்றிகஸ் இந்நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தார். 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் குத்துச்சண்டையிலிருந்து மட்டும் மூன்று வெண்கலம் வந்தது. அதில் ஒன்றை வென்றவர் அனுஷா கொடித்துவக்கு என்ற பெண். கலப்புத் தற்காப்புக் கலைக்கும் ஆசிய விளையாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. 2026 ஐச்சி-நகோயா போட்டிப் பட்டியலில் அது சேர்ந்துள்ளது. கதவு திறந்திருக்கிறது.

நம் கரையில் இல்லாதவை மெத்தை, நல்ல ஆசான், வைத்தியரின் மேற்பார்வை, படிப்படியாக ஏறிப் போக ஓர் அமெச்சூர் மேடை. செந்தூல் பையனை உலகப் பட்டம் வரை கொண்டுபோனவையும் இவைதான். இவற்றில் எதுவும் பெரிய மலை அல்ல. பாடசாலையில் ஜூடோவோ மல்யுத்தமோ கற்பிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர், பிரதேச சபை மண்டபத்தில் வாரம் மூன்று மாலை, போரில் வாங்கிய தழும்புக்கு மேல் புதிய தழும்பு வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் போதும். குத்துச்சண்டையும் கூண்டும் பின்னர் வரட்டும். முதலில் பிள்ளைகள் தரையில் விழப் பழகட்டும்.

ஆசான் வந்தால் முதல் நாள் எதைச் சொல்லிக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். குத்தும் இருக்காது, உதையும் இருக்காது. விழுவது எப்படி என்று காட்டுவார். பிறகு தட்டுவது எப்படி என்று காட்டுவார்: உரக்க, தெளிவாக, எதிராளி உணரும்படி. மற்றவன் தட்டினால் அந்தக் கணத்திலேயே கையை எடுப்பது எப்படி என்றும் காட்டுவார்.

உடப்பு மணலில் ஒரு பின்னேரம் அதைப் பார்க்க ஆசைப்படுகிறேன். கீழே கிடப்பவன் மணலில் இரண்டு முறை தட்டுகிறான். மேலே இருப்பவன் உடனே விட்டு எழுந்து, கை நீட்டித் தூக்கிவிடுகிறான். எழுந்தவன் மீசையில் மண் ஒட்டியிருக்கிறது. அதைத் துடைக்க அவனுக்கு அவசரம் இல்லை.